புண்ணியமூர்த்தியும் முப்பத்தைந்தாம் இலக்கமும்

தேசிக்காயை இரண்டாக வெட்டி இரு உள்ளங்கைகளிலும் தேய்த்து, நகக்கண்களைப் பழைய பிரஷ்ஷால் சுரண்டி, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, கையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பார் புண்ணியமூர்த்தி. மீன் வாடை இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. செவ்வாய்க்கிழமை அவருக்கு ஓய்வுநாள். பாரிசின் லா சப்பல் பகுதி மீன்கடையில் ஆறு நாளும் பாரையும் விளைமீனும் வெட்டிய கை, அன்றைக்கு ஹொக்கி வீரர்களின் அட்டைகளைத் தொடவேண்டும். மீன் மணத்தோடு கடிதம் போனால் அவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

அட்டை உள்ளங்கையில் அடங்கும். ஒரு பக்கம் பனித்தரையில் சறுக்கும் வீரரின் வண்ணப்படம், மறுபக்கம் பிறந்த ஊர், உயரம், எடை. கனடாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேர்க்கிற சாமானை இவர் ஐம்பத்திரண்டு வயதில் சேர்க்கிறார். அட்டையை அந்த வீரருக்கே தபாலில் அனுப்புவார். கூடவே ஒரு கடிதம், தன் முகவரி எழுதிக் கனடா முத்திரை ஒட்டிய வெற்று உறை ஒன்று. மனம் வந்தவர் அட்டையில் கையெழுத்துப் போட்டு அந்த உறையிலேயே திருப்பி அனுப்புவார். மனம் வராதவர் சும்மா இருந்துவிடுவார். இப்படித் திரும்பி வந்தவை அறுபத்தொன்று. இத்தனைக்கும் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. ஐஸ் என்றால் அவருக்குத் தெரிந்தது மீன்பெட்டியில் கொட்டுகிற ஐஸ் மட்டுந்தான்.

பெரிய நட்சத்திரங்களுக்கு அவர் எழுதுவதே கிடையாது. ஒவ்வோர் அணியிலும் இரண்டு கோல்காப்பாளர்கள் இருப்பார்கள். முதலாமவர் விளையாடுவார். இரண்டாமவர் முழுக் கவசத்தையும் கட்டிக்கொண்டு, முதலாமவருக்கு ஏதாவது ஆகும்வரை ஓரத்து வாங்கில், அந்த நீள இருக்கையில், குந்தியிருப்பார். மாதக்கணக்கில் அப்படியே இருப்பவர்களும் உண்டு. புண்ணியமூர்த்தியின் அட்டைகள் எல்லாம் இந்த இரண்டாமவர்களுக்குத்தான். "ஓடித் திரியிறவனுக்கு எங்கை நேரம்? வாங்கிலை இருக்கிறவன்தான் மறுமொழி போடுவான்" என்பார். அவர்களுடைய பெயர்கள் அவர் வாயில் நுழையாது. சட்டை இலக்கத்தைத்தான் சொல்வார். முப்பது போட்டுவிட்டான், நாற்பத்தொன்று இரண்டு கிழமையில் போட்டான் என்று அவர் கடையில் சொல்லிக்கொண்டிருக்க, மீன் வாங்க வந்தவர்கள் லொத்தர் ஏதோ விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடிதம் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், நான்கே வரி. நான் பாரிசில் மீன்கடையில் வேலை செய்கிறேன். நீங்கள் வாங்கில் இருப்பதைக் கண்டேன். உங்கள் முறை வரும். தயவுசெய்து இந்த அட்டையில் கையெழுத்திடுங்கள். மூன்றாவது வரியை எடுத்துவிடும்படி அவர் மனைவி ரதிதேவி சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். அது இல்லாவிட்டால் கடிதமே தேவையில்லை என்பது இவர் கட்சி. தாளின் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழியும் இருக்கும். ஒருதரம் ஒரு கடிதத்துக்கு மஞ்சளும் பூசினார். கலியாண அழைப்பிதழுக்குப் பூசுகிற மாதிரி, உறையின் நான்கு மூலையிலும். ஒரு மாதத்தில் அந்த உறை பிரிக்கப்படாமல், பிளாஸ்டிக் பையொன்றில் சீல் வைக்கப்பட்டுத் திரும்பி வந்தது. இனந்தெரியாத தூள் பூசிய கடிதங்களைத் தாங்கள் ஏற்பதில்லை என்று அந்த அணியின் காரியாலயம் ஒரு துண்டும் வைத்திருந்தது. மஞ்சள் அன்றோடு நின்றது. சுழி நிற்கவில்லை.

இந்த மனிதருக்கு ஒரு காலத்தில் கடிதம் என்றாலே குலைநடுக்கம். 2009இல் வன்னியிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர். லா சப்பலில் ஐந்தாம் மாடியில் ஓர் அறை, கூட இருந்தவர் கலைமாறன். அகதி விண்ணப்பத்தின் முடிவு ரெக்கொமாந்தேயில், அதாவது பதிவுத் தபாலில் வரும். கீழே வாசலில் இருந்த தபால்பெட்டிக்குக் கிட்டப் போகவே புண்ணியமூர்த்திக்குக் கால் கூசும். கலைமாறன்தான் சாவியை வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். 2011 ஒக்டோபரில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது.

மறுநாள் மத்தியானம், சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கலைமாறன் இழுத்து வந்து கணினிக்கு முன்னால் இருத்தினார். கலைமாறனின் தமையன் மொன்றியலில் இருந்து அனுப்பிய ஹொக்கி ஆட்டமொன்று ஓடிக்கொண்டிருந்தது. முதல் கோல்காப்பாளர் காலில் அடிபட்டு வெளியேற, முப்பத்தைந்தாம் இலக்கச் சட்டைக்காரர் இறங்கினார். நாற்பது ஆட்டமாக வாங்கில் இருந்தவர். இறங்கிய சூட்டோடு நான்கு கோல்கள் விழுந்தன. சொந்த ஊர்ச் சனமே கூச்சலிட்டது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அவர் முகமூடியை உயர்த்தித் தண்ணீர் குடித்தார். இரண்டு கம்பங்களையும் மட்டையால் ஒருமுறை தட்டினார். மறுபடி குனிந்து நின்றார். ஐந்தாவது விழவில்லை. புண்ணியமூர்த்தி அன்று வாய்விட்டு அழுதார். பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டார். அடுத்த நாள் காலையிலேயே மேன்முறையீட்டுக்கு வழக்கறிஞரைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

அவருடைய முதல் கடிதம் அந்த முப்பத்தைந்துக்குத்தான். பதில் இல்லை. ஆட்டப் பருவம் தொடங்கும் ஒவ்வோர் ஒக்டோபரிலும் புதிதாக ஓர் அட்டை, புதிதாக ஒரு கடிதம் என்று ஐந்து தரம் போட்டார். முப்பது, நாற்பத்தொன்று, எழுபது எல்லாம் வந்தன. முப்பத்தைந்து வரவில்லை. இதற்கிடையில் மேன்முறையீடு வென்று வதிவிட அட்டை கிடைத்தது. ரதிதேவி வந்து சேர்ந்தார். கலைமாறன் தமையனிடம் போய், அங்கிருந்து அட்டைகளும் முத்திரைகளும் அனுப்பத் தொடங்கினார். தபால்பெட்டிக்குப் போகப் பயந்த மனிதர் நாளுக்கு இரண்டு தரம் ஐந்து மாடி இறங்கி ஏறுகிறவரானார். மாடிப்படி கூட்டும் மர்கரீத், அந்தக் கட்டடத்தின் காவல்காரி, வெறுங்கையோடு திரும்புகிறவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். வெள்ளிக்கிழமைகளில் இவர் கொடுக்கும் சாளை மீனுக்காக அல்ல, உண்மையிலேயே இரங்கித்தான்.

2016இல் முப்பத்தைந்து ஓய்வு பெற்றுவிட்டார். அத்தோடு முகவரியும் போயிற்று. மூன்று வருடம் கழித்து, கியூபெக்கில் ஒரு சின்ன ஊரின் சறுக்கு மைதானத்தில் அவர் குழந்தைகளுக்குப் பழக்குகிறார் என்று கலைமாறன் கண்டுபிடித்துச் சொன்னார். 2019 பெப்ரவரியில் ஆறாவது கடிதம் போனது.

ஏப்ரலில் வேறொரு கடிதம் வந்தது. ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த அரச வீடு பாரிசுக்கு வெளியே செவ்ரானில் கிடைத்திருந்தது. இரண்டு அறை, லிஃப்ட், குளியலறையில் ஜன்னல். பத்து நாளுக்குள் சம்மதம் சொல்லவேண்டும். ரதிதேவி அன்றைக்கே பாயாசம் வைத்தார். புண்ணியமூர்த்தி படிவத்தை எடுத்துத் தொலைக்காட்சிக்கு மேல் வைத்தார். ஒன்றும் எழுதவில்லை. முப்பத்தைந்துக்கு அனுப்பிய திருப்பி உறையில் இருப்பது லா சப்பல் முகவரி. எட்டு வருடம் காத்திருந்த பதில் ஆளில்லாத பெட்டியில் வந்து விழுந்தால் என்ன செய்வது? காசு கட்டினால் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பி விடுவார்கள் என்று ரதிதேவி சொல்லிப் பார்த்தார். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. கடல் தாண்டி வருகிற கடிதத்தை மறுபடியும் அலையவிடக்கூடாது என்றார்.

ஒன்பதாம் நாள் ரதிதேவி படிவத்தையும் பேனையையும் அவர் முன்னால் வைத்தார்.

"இஞ்சேருங்கோ, வாங்கிலை இருக்கிற எல்லாருக்கும் உங்கடை முறை வரும் எண்டு எழுதுறியள். எனக்கும் ஒருக்கா எழுதித் தாங்கோ."

அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஐந்தாம் மாடி அறைக்குத் தமக்கையோடு குடிவந்தவள் சுஜாந்தி. மட்டக்களப்புப் பிள்ளை, அகதி விண்ணப்பம் போட்டுப் பத்து மாதம். பெட்டியில் தன் பெயர்த் துண்டை மட்டும் கிழிக்காமல் விடும்படி அவளிடம் கேட்டு, சாவியைக் கொடுத்தார் புண்ணியமூர்த்தி. அவள் சாவியை வாங்கத் தயங்கினாள். "இந்தப் பெட்டியத் திறக்கவே பயமாக் கிடக்கு அண்ணன்" என்றாள். அந்தப் பயம் அவருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கனடா முத்திரை இப்படி இருக்கும் என்று ஒன்றை மட்டும் காட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, கடையில் சனம் நெரிந்த நேரத்தில் சுஜாந்தி ஓடி வந்தாள். கையில் தடித்த உறை. சாதாரண நாளில் எவ்வளவு சனம் நின்றாலும் கத்தியைக் கீழே வைக்காதவர், அன்று வைத்தார். தேசிக்காய் தேய்க்கவும் பொறுமையில்லை. அவளையே பிரிக்கச் சொன்னார்.

உள்ளே ஓர் அட்டை அல்ல, ஆறு அட்டைகள். ஆறிலும் கையெழுத்து. பிரெஞ்சில் ஒரு சிறு கடிதம். விளையாடிய காலத்தில் தனக்கு வந்த கடிதங்களையெல்லாம் ஏச்சாகத்தான் இருக்கும் என்று பயந்து பிரிக்காமல் பெட்டியில் போட்டு வைத்ததாகவும், இந்த ஆறாவது கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்ததாகவும், அதற்குள் ஐந்து தரம் இவர் இருந்ததாகவும் முப்பத்தைந்து எழுதியிருந்தார். ஒவ்வோர் அட்டையிலும் கையெழுத்துக்கு மேலே, கோணல்மாணலாக, ஒரு பிள்ளையார் சுழி. பார்த்து வரைந்திருக்கிறார் மனிதர். புண்ணியமூர்த்திக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. மீன்கையோடு கண்ணைத் துடைக்கவும் முடியாமல் நின்றார்.

சுஜாந்தி அங்கேயே நின்றாள். அவளுக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

"உங்கட கடிதம் வந்திரிக்குமோ எண்டு பாக்கத்தான் நான் நாளும் பெட்டியத் திறந்த நான். இனி அதுக்குள்ள பாக்க என்ன கிடக்கு?"

அவர் ஒரு கிலோ பாரை வெட்டிக் கொடுத்தனுப்பினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, செவ்ரானில், ஜன்னலோடு கூடிய குளியலறையில் தேசிக்காய் தேய்த்துக் கையை மணந்து பார்த்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். கடிதம் இம்முறை முப்பத்துமூன்றாம் இலக்கத்துக்கு, முடிந்த பருவத்தில் ஒரு நிமிடமும் இறங்காதவருக்கு. சுழி போட்டார், நான்கு வரியும் எழுதினார். திருப்பி உறையை எடுத்துக் கனடா முத்திரையை ஒட்டினார். புதிய பெட்டிக்கு வரட்டும் என்று ரதிதேவி வாங்கி வைத்திருந்த முகவரி ஒட்டிகள் பக்கத்திலேயே இருந்தன. அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பேனையை எடுத்து, தன் பெயருக்குக் கீழே லா சப்பல் வீட்டு இலக்கத்தை எழுதத் தொடங்கினார்.