கட்டிலுக்கடியில் முப்பத்தேழு போர்

நீர்வளத் துறையில் ஆழ்துளைக் கிணறுகளைக் கணக்கெடுக்கும் அவருக்கு அலுவலகத்தில் 'மேப்பு சார்' என்று பெயர். நடையாய் நடந்தது என்னவோ உண்மைதான். ஆனால் வெயிலில் போன் திரை தெரியவில்லை என்று, ஒவ்வொரு போரிலும் நாடாவை இறக்கி நீர்மட்டத்தைத் துண்டுச்சீட்டில் கிறுக்கிக்கொண்டு வந்து, வீட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தபடி போன் வரைபடத்தில் ஏற்றுவார். 'இருப்பிடம்' என்ற பொத்தானை மட்டும் மறக்காமல் அமுக்குவார். அதைக் கிணற்றருகே நின்றுதான் அமுக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். அப்போது அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால் வேலையை முடித்தவர் என்று கைதட்டல் வேறு வாங்கினார், வெட்கங்கெட்ட மனிதர்.

பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா. அவள் போர் வற்றி மூன்று வருஷம். தினமும் தம்பி வீட்டிலிருந்து நாலு குடம் தூக்கித் தூக்கி முட்டி தேய்ந்துவிட்டது. புது போருக்கு மனுப் போட்டாள். 'அபாயப் பகுதி, அனுமதி இல்லை' என்று திரும்பி வந்தது. மறுபடி விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி.

"நீ அந்த ஆபீஸ்லதானேடா குப்பை கொட்டறே? என்னன்னு பாரு!" என்று தம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

பார்த்தார். கிணறுகள் நெருக்கியடித்தால் வரைபடம் சிவக்கும்; அதுதான் அபாயப் பகுதி. அவர் தெரு செக்கச்செவேல் என்றிருந்தது. பெரிதாக்கினார். அவர் ஏற்றிய முப்பத்தேழு புள்ளிகளும் ஒரே கூரைமேல். அடப்பாவி, அது அவருடைய படுக்கையறை!

வேறு வழியில்லாமல் இன்ஜினியரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டார்.

"கட்டிலுக்கடியில முப்பத்தேழு போர வச்சுக்கிட்டு எப்படி சார் தூக்கம் வருது?" என்று கேட்டார் அவர். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. மேப்பு சாரும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

மூன்று நாள் மண்டை காய நடந்து, ஒவ்வொரு போர் அருகிலும் நின்று பொத்தானை அமுக்கினார். வியாழன் சாயங்காலம் தெரு பச்சையாயிற்று. இனி அக்காவுக்கு அனுமதி கிடைத்துவிடும். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது மோட்டார் சத்தம் கேட்டது. அவர் வீட்டு மோட்டார். ஊர்க் கிணற்றையெல்லாம் எண்ணிய மகாராசன் சொந்தக் கிணற்றை எண்ணவே இல்லை. அறுநூறு அடி. மூன்று வருஷத்துக்கு முன் போட்டது. அக்காவின் இருநூறு அடி வற்றியதும் அதே கோடையில்தான். இதைக் குறித்தால் இவ்வளவு பக்கத்தில் இன்னொரு போருக்கு அனுமதி கிடையாது. குறிக்காவிட்டால் அக்கா போடுவாள். அதையும் இவர் போர் உறிஞ்சிவிடும்.

கிணற்றருகே போய் நின்று பொத்தானை அமுக்கினார். நேரே அக்கா வீட்டுக்குப் போனார்.

"உனக்கு அனுமதி வராதுக்கா. உன் தண்ணிய இழுத்தது என் போர்தான்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். "மூணு வருஷமா நான் குடத்தோட வந்து நின்னா, 'தாராளமா பிடிச்சுக்கோக்கா'ன்னு சொல்லுவியேடா, பெரிய வள்ளலாட்டம்!"

அவருக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் பிளம்பர் வந்து தம்பியின் போரிலிருந்து அக்கா வீட்டுக்கு மதில்மேல் குழாய் போட்டார். மோட்டார் சுவிட்சைத் தன் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். வைத்தாயிற்று. இப்போதெல்லாம் மேப்பு சார் துண்டோடு மதிலோரம் நின்று, "அக்கா, குளிக்கணும், கொஞ்சம் மோட்டார் போடறியா?" என்று கேட்கிறார்.