மூன்றாவது இலை

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. என் வீட்டில், நான் நின்றுகொண்டிருந்தபோது நடந்தது. கூட இருந்தவர் என் கணவர் கிருஷ்ணசாமி. அதற்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு அறையில் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஏன் என்று கேட்டால் செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துக்கொள்வார்.

வருஷம் 1976. சிட்னியில், லிட்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. வீட்டுக்குப் பின்னால் தனியாக ஓர் அறை. அதில் இரண்டு வருஷமாக சாரித் இருந்தான். கம்போடியாக்காரன். ஸ்காலர்ஷிப்பில் பொறியியல் படிக்க வந்தவன். மனைவி மோனியையும் நான்கு வயது மகள் தீதாவையும் நோம்பென்னில் விட்டுவிட்டு வந்திருந்தான். 1975 ஏப்ரலில் நோம்பென்னைப் பிடித்தவர்கள் ஊர் மக்கள் எல்லாரையும் சாலையில் நடக்கவைத்து வெளியேற்றினார்கள். அதோடு கடிதங்கள் நின்றன. மோனி எங்கே, குழந்தை எங்கே, ஒரு தகவலும் இல்லை.

என்னை அக்கா என்பான். மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். ராத்திரிச் சாப்பாடு எங்களோடு, தரையில் உட்கார்ந்து. ஸ்பூன் கொடுத்தால் வாங்கமாட்டான். நீங்கள் கையால் சாப்பிடும்போது எனக்கு மட்டும் என்ன என்று முதல் நாளே மறுத்துவிட்டான். சாம்பார் முழங்கை வரைக்கும் ஒழுகும். "ஆத்துக்கே அணை கட்டப்போறவன், ஒரு கரண்டி சாம்பாருக்குக் கட்டத் தெரியலியே" என்பார் என் கணவர். முதலில் சிரிப்பவன் சாரித்தான்.

அந்த செப்டம்பரில் அவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். பாரிஸில் இருந்த நண்பன் போனில் கூப்பிட்டிருந்தான். வெளிநாட்டில் படித்தவர்கள் திரும்பி வந்து நாட்டைக் கட்டலாம் என்று புதிய அரசு அழைக்கிறதாம். பெய்ஜிங் வழியாக ஒரு குழு போகிறதாம். ஆனால் தாய்லாந்து எல்லையைத் தாண்டித் தப்பியவர்கள் சொன்னது வேறு. படித்தவன் என்று தெரிந்தாலே கொண்டுபோய்க் கொன்றுவிடுகிறார்கள் என்றார்கள்.

பல நாள் யோசித்து, போவதில்லை என்று சாரித் முடிவு செய்தான். மோனி கெட்டிக்காரி. எப்படியாவது மகளைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டுவாள். தாண்டினால் இந்த முகவரியைத் தேடித்தான் வருவாள். வரும்போது நான் இங்கே இருக்க வேண்டும் என்றான்.

எனக்கு உயிர் வந்தது.

மஹாளய அமாவாசையன்று மாமனார் மாமியாருக்குப் படையல். வேலை நாள் என்பதால் மதியம் முடியவில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான், நாங்கள் சாப்பிடும் அறையில் வைத்தோம். சாரித்தும் வந்தான். அவன் ஊரிலும் இதே பதினைந்து நாள்தான் இறந்தவர்களுக்குச் சோறு வைப்பார்களாம். உனக்கும் யாருக்காவது வைக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா" என்றான், அவசரமாக. "எனக்கு யாரும் சாகல."

பேசிக்கொண்டே இலை போட்டதில் ஒரு தவறு நடந்துவிட்டது. மாமனார், மாமியார் இருவர் படங்கள். இரண்டு இலைதான் போட வேண்டும். நான் மூன்று போட்டிருந்தேன். தினமும் மூன்று தட்டு வைக்கிற கை. பழக்கத்தில், ஜன்னல் பக்கம் மூன்றாவதையும் போட்டுவிட்டது. எடுக்கப் போனேன். படையலுக்குப் போட்ட இலையை வெறும் இலையாக எடுக்கக்கூடாது என்று கணவர் தடுத்தார்.

"இருக்கட்டும் வேதா. கேக்க ஆளில்லாம போனவங்க யாராவது வருவாங்க."

மூன்றிலும் பரிமாறினேன். சோறு, பூசணிக்காய்க் கூட்டு, வடை, பாயசம். ஒவ்வோர் இலைக்கும் ஒரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர். கற்பூரம் காட்டி வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வந்தவர்கள் சாப்பிடும்போது நாம் பார்க்கக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

நடையில் மூன்று பேரும் நின்றோம். வெளியே நன்றாக இருட்டியிருந்தது. ஆறரை மணி ரயில் போனது. அதன் சத்தம் தேய்ந்து அடங்கியது.

பிறகு உள்ளே...

ஏதோ தரையில் உரசியது. களைத்துப்போன ஒருவர் மெதுவாக உட்காருவதைப் போல.

"எலி" என்றார் கணவர்.

மடக்... மடக்... தண்ணீர் குடிக்கும் சத்தம்.

அவர் மறுபடி எலி என்று சொல்லவில்லை.

அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.

டிக்... டிக்.

தம்ளர் விளிம்பில் ஸ்பூன் தட்டும் சத்தம். இரண்டே தட்டு.

சாரித்தின் கை என் தோளைப் பற்றியது.

"அக்கா... இது எங்க வீட்டுச் சத்தம்."

அவன் கண் கதவிலேயே இருந்தது.

"சாப்பிட்டு முடிச்சதும் எங்க வீட்டுல இந்தச் சத்தம் கேக்கும். இதேதான். மோனி..."

கணவர் கதவைத் தட்டினார். திறந்தார்.

ஜன்னல் தாழிட்டபடி இருந்தது. விளக்கு அசையாமல் எரிந்தது.

இரண்டு இலைகளில் வைத்தது வைத்தபடி.

மூன்றாவது இலை... மடித்திருந்தது.

விரித்தேன். ஒரு பருக்கை இல்லை. தம்ளர் காலி. பக்கத்தில் ஒரு ஸ்பூன். சமையலறை டிராயரில் இருக்க வேண்டிய ஸ்பூன். ஈரமாக.

இன்னொன்று. இலையை எதிர்ப்பக்கமாக மடித்திருந்தது. கல்யாண வீட்டில் நம் பக்கமாக மடிப்போம். எதிர்ப்பக்கமாக மடிப்பது... சாவு வீட்டில்.

அதை நான் சாரித்திடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவன் அழவில்லை. மோனி போய்விட்டாள் என்றான். பசியோடு போயிருக்கிறாள் என்றான். எலி, காற்று, மனப்பிரமை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தோம். விடிய விடிய அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"தீதாவுக்கு ஆறு வயசு அக்கா. இனிமே அவளுக்கு யார் இருக்கா?"

அடுத்த மாதம் விமானம் ஏறினான். பாரிஸிலிருந்து ஒரே ஒரு தடவை பேசினான். நாளை பெய்ஜிங் போகிறோம் என்றான். அதுதான் கடைசி.

1979 முடிகிற சமயம். சிட்னியின் வில்லவுட் அகதிகள் விடுதியிலிருந்து ஓர் அழைப்பு. எல்லை முகாமிலிருந்து வந்த ஒரு பெண், எங்கள் வீட்டு முகவரியை மனப்பாடமாகச் சொல்கிறாளாம்.

மோனி.

எலும்பும் தோலுமாக. உயிரோடு.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசினாள். தீதா, ஊரைவிட்டு நடந்த அந்தச் சாலையிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். புதைக்கக்கூட நிற்கவிடவில்லை. சாரித் கிளம்பியபோது, அவன் தேடிப்போன குழந்தை செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"அவர் ஒருத்தர் இங்க பத்திரமா இருக்கார்னு நினைச்சுத்தான் செத்துப்போகாம இருந்தேன்" என்றாள். வாசல் பக்கம் பார்த்தாள். "எப்ப வருவார்?"

என் கணவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நான்தான் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. அப்படித் திரும்பி வந்தவர்களை என்ன செய்தார்கள் என்று முகாமில் எல்லாருக்கும் தெரியும் என்று மட்டும் சொன்னாள். பிறகு அசையவே இல்லை.

இருட்டும்போது ஒரு தட்டில் சோறு போட்டு, தம்ளரில் தண்ணீரும் ஒரு ஸ்பூனும் வைத்தேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். என்னை அறியாமல் நான் காத்திருந்தேன்.

அந்தச் சத்தம் வரவில்லை.

ஸ்பூனை ஓசைப்படாமல் தட்டில் வைத்தாள். சாப்பிட்டதும் தம்ளரில் இரண்டு தடவை தட்டுவது உங்கள் பழக்கம் அல்லவா என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இல்ல. அது அவர். தம்ளரைத் தட்டிப் பேயைக் கூப்பிடாதீங்கன்னு எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். தட்டுறது அவருக்கே தெரியாது. நீங்க எப்பக் கேட்டீங்க?"

அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம். சாரித் தினமும் உட்காரும் இடம். அன்று என் கை பழக்கத்தில் மூன்றாவது இலையைப் போட்ட இடம்.

உள்ளே அந்தச் சத்தம் கேட்டபோது சாரித் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே, உயிரோடு நின்றிருந்தான்.