கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில்

லிஃப்ட் மெக்கானிக் ஒவ்வொருவரிடமும் ஒரு முழ நீள வயர் இருக்கும், இரு முனையிலும் கவ்வியோடு. ஜம்பர் என்பார்கள். கதவு சரியாகப் பூட்டினால்தான் லிஃப்ட் நகரும். அந்தப் பூட்டையே பழுது பார்க்கும்போது, பூட்டிவிட்டதாக இயந்திரத்தை நம்பவைத்து ஓட்டிப் பார்க்க ஜம்பரை மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். இதை அவரவரே செய்துகொள்வதால், கையெழுத்தைப் போல, பார்த்த உடனே யாருடையது என்று தெரிந்துவிடும்.

நான் சொல்ல வந்தவர் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பார்த்தவர். கம்பெனியில் அவருக்கு 'மெதுவண்ணன்' என்று பெயர். ஒரு பூட்டை மாட்டினால் இருபது முறை திறந்து மூடிப் பார்ப்பார். மற்றபடி அவரை அப்பழுக்கில்லாதவர் என்று சொல்லமாட்டேன். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துப் போய் நிற்பவர்தான். "டிராஃபிக்குங்க" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

ஒரு நாள் காலை, ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில், மூன்றாவது மாடியில் வசித்த வயதான தையல்காரர் லிஃப்ட் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தார். உள்ளே லிஃப்ட் இல்லை. கீழே நின்றிருந்த பெட்டியின் கூரைமேல் விழுந்தார். உயிர் பிழைத்தார், இடுப்பு முறிந்தது. முதலில் போய்ச் சேர்ந்த மெக்கானிக் மெதுவண்ணன். அன்று ஒருநாள்தான் வேகமாகப் போனார். மொட்டை மாடி இயந்திர அறைக்கு ஏறி, கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். நீல வயர், முனைகளில் மஞ்சள் டேப் சுற்றிய ஜம்பர் ஒன்று அதிலேயே மாட்டியிருந்தது. முந்தின நாள் மூன்றாம் மாடிப் பூட்டைப் பழுது பார்த்தது அவருடைய மனைவியின் தம்பி. அவனும் அதே கம்பெனியில் மெக்கானிக். வேலை முடிந்து ஜம்பரைக் கழற்ற மறந்திருக்கிறான். பூட்டு மறுபடி விழாமல் போயிருக்கிறது. பூட்டாத கதவை விட்டுவிட்டு லிஃப்ட் கீழே போயிருக்கிறது.

மெதுவண்ணன் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கை தானாகச் செய்துவிட்டது என்று பிறகு சொன்னார். பாதியை நான் ஏற்கிறேன். கழற்றியது கையாக இருக்கலாம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவில், பழைய சட்டைகளுக்கு அடியில் வைத்தது கை இல்லை.

கதவை வெளியிலிருந்து திறக்கும் சாவி குடியிருப்பின் வாட்ச்மேனிடம் மட்டுமே இருந்தது. ஆகவே அவர்தான் கதவைத் திறந்துவிட்டுப் பூட்டாமல் போய்விட்டார் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். "சாவி ஆணியிலேயே தொங்கிச்சுங்க, நான் தொடவே இல்ல" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வேலை போயிற்று. எட்டு மாதம் கோர்ட்டுக்கு அலைந்தார். அந்த எட்டு மாதமும் மெதுவண்ணன் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பற்றி நல்லதாக எழுத உட்காரும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

பிறகு அவருக்குச் சாட்சிச் சம்மன் வந்தது. கம்பெனி வக்கீல் கூப்பிட்டுப் பாடம் எடுத்தார்.

"விபத்துக்கு அப்புறம் செக் பண்ணும்போது லிஃப்ட் சரியா இருந்துதான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"சரியாதான் இருந்துச்சு."

"பொய்யா?"

"இல்ல சார். நான் செக் பண்ணும்போது சரியாதான் இருந்துச்சு."

"அவ்ளோதான். கேட்டதுக்கு மட்டும் பதில். கோர்ட்ல வாய் நீளக்கூடாது."

வக்கீலுக்கு ஜம்பர் விஷயம் தெரியாது. ஜம்பரைக் கழற்றிய பிறகு செக் பண்ணியதால், சொன்னது ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் மெதுவண்ணனை உறுத்தியது.

வாரத்தில் ஒருநாள் பிரார்த்தனைக் கூடத்தின் பின்னறையில் வேத வகுப்பு நடக்கும். பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்து விவாதிப்பார்கள். அந்த வாரம் அவர், யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோலக் கேட்டார்: "கோர்ட்ல பொய் சொல்லல. ஆனா தெரிஞ்சதைச் சொல்லாம விட்டா, அதுவும் தப்பா?"

வகுப்பில் இருந்த பல் டாக்டர் உடனே சொன்னார்: "வாயைத் திறங்கன்னு சொல்றதுதான் என் பொழப்பு. ஆனா கோர்ட்ல மூடிக்கறதுதான் நல்லது. அடுத்தவங்க குறையை வெளில சொல்லாதேன்னு நம்ம வேதமே சொல்லுதே."

எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பு நடத்தும் அம்மாவும் சிரித்தார். பிறகு சொன்னார்: "சொல்லுது. அதே வேதம் சாட்சின்னு வந்துட்டா மறைக்காதேன்னும் சொல்லுது. சொந்தக்காரனா இருந்தாலும், உனக்கே எதிரா இருந்தாலும்."

"ரெண்டுல எது எங்கன்னு எப்படிம்மா தெரியும்?"

"உங்க மௌனத்துக்காக வேற யாராவது அடி வாங்கறாங்களான்னு பாருங்க டாக்டர். யாரும் வாங்கலேன்னா வாயை மூடிக்கங்க, புண்ணியம். ஒருத்தர் வாங்குறாருன்னா அது மௌனமில்ல."

"அப்ப அது என்ன?"

"அதுக்குப் பேரு வைக்கறது என் வேலை இல்ல" என்றார் அந்த அம்மா.

தத்துவ நூல்களில் பல பக்கங்கள் செலவழித்தும் தெளியாத ஒன்றை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் தெளிவு வேறு, அதன்படி நடப்பது வேறு. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியவர்கள்தான் அந்த அறையில் பெரும்பாலோர்.

சாட்சி சொல்வதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கூரைமேல் நின்று, அவரும் மச்சினனும் கம்பிக்கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். மெதுவண்ணன் சொன்னார்:

"உன் மஞ்சள் டேப் ஜம்பர் எங்கிட்ட இருக்கு தம்பி."

கயிற்றில் ஓட்டிக்கொண்டிருந்த எண்ணெய்த் துணியை அவன் நிறுத்தவில்லை. "தெரியும் அத்தான். அன்னிக்கே தேடுனேன். வேற யார் எடுத்திருப்பா?"

"எட்டு மாசமா ஒரு வார்த்தை கேக்கலியே."

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

மெதுவண்ணன் எண்ணெய் டப்பாவை மூடினார். "நீயே போய்ச் சொல்லிடு. நீ சொன்னா மரியாதை" என்றார்.

"மரியாதையை வச்சுக்கிட்டு ரெண்டு பிள்ளைங்களை எப்படி வளர்க்கறது? அக்காகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"கேளுங்க. அப்புறம் வீட்ல சோறு விழுதான்னு பாக்கலாம்."

அன்று மாலையே கேட்டார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "அவன் என் கையில வளர்ந்தவன். தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் எங்கிட்ட கேக்கறீங்க? நான் வேணாம்னு சொன்னா விட்டுடுவீங்களா?"

அவர் யோசித்தார். "தெரியல."

"அப்ப கேக்காதீங்க. பாவத்துல எனக்குப் பங்கு வேணாம், புண்ணியத்துலயும் வேணாம்." மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கோர்ட்டுக்கு அவளும் போனாள். தம்பி வரவில்லை. கூண்டில் ஏறியவரிடம் உறுதிமொழி வாங்கினார்கள்: உண்மையை, முழு உண்மையைச் சொல்வேன் என்று. எதிர்பார்த்த கேள்வியே வந்தது. எதிர்பார்த்த பதிலையே சொன்னார். "சரியா இருந்துச்சுங்க."

"சரி, நீங்க போகலாம்."

அவர் போகவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்தபடி நின்றார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "என்ன?"

"முழு உண்மைன்னு சொல்ல வச்சீங்க ஐயா. நான் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கேன்."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "சாட்சியிடம் கேட்கப்படாத—"

"உட்காருங்க" என்றார் நீதிபதி. மெதுவண்ணனிடம் சொன்னார்: "நீங்க சொல்லப்போறது உங்களுக்கே எதிரா இருந்தா, சொல்லணும்னு கட்டாயமில்லை. சட்டம் அந்த உரிமையைக் குடுக்குது."

"குடுக்குதுங்க. ஆனா அதோ நிக்கிறாரே வாட்ச்மேன், அவருக்கு அது பயன்படலியே."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஜம்பரை யார் செய்தது, அது எங்கே மாட்டியிருந்தது, தான் கழற்றியது, பீரோவில் வைத்தது. பையிலிருந்து அந்த ஜம்பரை எடுத்து மேசைமேல் வைத்தார். ஏன் எட்டு மாதம் சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டபோது, "பயம் ஐயா. வேற காரணம் சொன்னா அது பொய்" என்றார். நல்ல காரணம் ஒன்று சொல்லியிருக்கலாம். குடும்பப் பாசம் என்றால் எவரும் தலையாட்டியிருப்பார்கள். அதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பாராட்ட எனக்கு எளிதில் வராது. ஆனால் இந்த ஒரு பதிலுக்காக அவருக்கு எழுந்து நிற்பேன்.

வாட்ச்மேன் விடுதலை ஆனார். கோர்ட் வாசலில் மெதுவண்ணனைப் பார்த்து, "எட்டு மாசம் லேட்டுய்யா நீ" என்றார். திட்டியதா, நன்றி சொன்னதா என்று அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மச்சினனுக்கு அலட்சியத்துக்காகத் தண்டனை கிடைத்தது. உள்ளே போகவேண்டி வரவில்லை, ஆனால் லைசென்ஸ் ரத்தானது. தடயத்தை மறைத்ததற்காக மெதுவண்ணனுக்கும் அதே கதி. கம்பெனி இருவரையும் அனுப்பிவிட்டது. அவர் இப்போது தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறார். அதையும் இருபது முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார். மச்சினன் பேச்சை நிறுத்திவிட்டான்.

மாமியார் மகளுக்குப் போன் செய்து ஆற்றாமையைக் கொட்டினார். "கூடப் பிறந்தவனைக் காட்டிக் குடுத்தவரோட எப்படிடி ஒரே வீட்ல இருக்கே? ஊரெல்லாம் சிரிக்குது."

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "தம்பியை நினைச்சா எனக்கு வயிறு எரியுதும்மா. இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தக் கூண்டுல நான் நின்னிருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவரு திறந்தாரு. அவரு பொண்டாட்டின்னு சொல்லிக்க எனக்குப் பெருமையா இருக்கு. யாரு சிரிச்சாலும் இதையே சொல்லு."

போனை வைத்துவிட்டு, தம்பி வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பினாள். வாரம் தவறாமல் போகிறாள். கதவைத் திறக்க ஒவ்வொரு தடவையும் நேரமாகிறது. திறக்கும்வரை வாசலிலேயே நிற்கிறாள்.