பேனரில் விடுபட்ட இடைவெளி

1. பேனர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியின் மொழித்துறையில் ஒருங்கிணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாடம் நடத்தத் தெரியாது. வகுப்பை ஓட்டத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தாய்லாந்து மொழிக்கு டிப்ளோமா தொடங்கிய அன்று பதிவு மேசைக்கு முன்னால் அப்படி ஒரு கூட்டம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் வாசலில் தொங்கிய பேனரைப் பார்த்தேன். 'தாய் மொழி டிப்ளோமா' என்று நான் எழுதிக் கொடுத்ததை அச்சகத்துக்காரர் 'தாய்மொழி டிப்ளோமா' என்று சேர்த்து அடித்திருந்தார். வந்தவர்கள் அத்தனை பேரும் தமிழ் படிக்க வந்தவர்கள்!

விஷயத்தைச் சொன்னதும் கூட்டம் கலைந்தது. ரொம்ப தூரத்தில் இருக்கும் கேரி தீவிலிருந்து மகள் கவிதாவைக் கூட்டி வந்திருந்த முனியாண்டி அண்ணன் மட்டும் நகரவில்லை.

"சயாம் பாஷையா? அத படிச்சு என்னா பண்றது மிஸ்?"

"அண்ணே, தாய்லாந்து டூரிஸ்ட் கூட்டங்கூட்டமா வராங்க. அவங்க பாஷை பேச நம்ம கிட்ட ஆள் இல்ல. படிச்சா வேலை இருக்கு."

ஆசிரியை மாலியை அழைத்து அறிமுகம் செய்தேன். தாய்லாந்துக்காரர். அங்கே விரிவுரையாளரை 'ஆஜான்' என்பார்கள் என்று சொன்னேன்.

"ஆசானா? நம்ம வார்த்தை மாதிரியே இருக்கேப்பா!" என்றாள் கவிதா. சேர்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள்.

பிரின்சிபல் ராஜனுக்கு அது போதவில்லை. "சாந்தா, இவ்ளோ கொஞ்சப் பேர வச்சு ஓட்ட முடியாதுலா. செமஸ்டர் முடிவுல ஒரு டூர் கம்பெனி இன்டர்வியூக்கு வருது. ஒரு ஆளயாச்சும் எடுத்தா கோர்ஸ் ஓடும். இல்லன்னா மூடிடுவோம்."

மூடினால் மாலிக்கு வேலை போய்விடும். விடுவேனா நான்?

2. லா

தாய் மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். 'க்லை' என்று சமமாகச் சொன்னால் தூரம். அதையே மேலிருந்து கீழே இறக்கிச் சொன்னால் பக்கம். மாலி பலகையில் கோடு கோடாக வரைந்து காட்டினார். கவிதா வாயில் தூரமும் பக்கமும் ஒன்றாகவே வந்தன.

இன்டர்வியூ நெருங்கும்போது என் மேசை முன்னால் வந்து நின்றாள். "மிஸ், நான் கோர்ஸ நிறுத்திடுறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பஸ்ஸும் கேடிஎம் ரயிலும் மாறி மாறி ஏறி வந்தது இதுக்குத்தானா? வாய் இருக்குல்ல? க்லை சொல்லு பாப்போம்!"

"முடியாதுலா மிஸ்!" அவளும் கத்திவிட்டாள்.

பக்கத்து மேசையிலிருந்து மாலி துள்ளி எழுந்தார். கல்யாணமாகிக் கிள்ளானில் குடித்தனம் நடத்துகிறவர். தமிழ் புரியாது; இந்த ஊரில் எல்லோரும் பேச்சின் கடைசியில் ஒட்டும் 'லா' நன்றாகப் புரியும்.

"அந்த லா! இன்னொரு தடவை சொல்லு!" என்றார் ஆங்கிலத்தில்.

"…லா," என்றாள் கவிதா, பயந்துபோய்.

"அதேதான்! அந்த லா மாதிரியே க்லை சொல்லு."

சொன்னாள். மாலி கைதட்டினார். அது 'பக்கம்'. அப்படியானால் தூரத்துக்கு என்ன செய்வது?

"எல்ஆர்டி ரயில்ல அடுத்த ஸ்டேஷன் பேரு சொல்லுமே ஒரு குரல், ஏறாம இறங்காம? அப்படிச் சொல்லு," என்றேன். நான் நடத்திய ஒரே பாடம் அதுதான். அருமையாக நடத்தினேன்.

3. தூரம்

டூர் கம்பெனி மேலாளர் பாங்காக்கிலிருந்து வந்த ஓர் அம்மாள். சிரிப்பே கிடையாது. மாலியும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திணறிவிட்டு வெளியே போனார்கள். கடைசியாகக் கவிதா.

அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியே, வீடு பக்கமா தூரமா? விடிவதற்குள் வேலைக்கு வர வேண்டுமே. மாலி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"க்லை," என்றாள் கவிதா, அச்சு அசல் எல்ஆர்டி குரலில். தூரம்.

அந்த அம்மாள் பேனாவை மூடினார். அடிப்பாவி, பழைய மாதிரி தப்பாகச் சொல்லிப் பக்கமாக்கியிருக்கக் கூடாதா!

கவிதா விடவில்லை. "தெ மா டாய் கா," என்றாள். அந்த 'டாய்'யை லா போடுவது போலவே இறக்கினாள். 'ஆனால் வர முடியும்' என்று அர்த்தம்.

பேனா திறந்தது. எங்கள் மொழியை ஏன் படிக்க வந்தாய் என்று அடுத்த கேள்வி. கவிதா தட்டுத்தடுமாறித் தாய் மொழியிலேயே பேனர் கதையைச் சொன்னாள். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேயே அவளுக்கு வேலைப் பயிற்சி உறுதியானது. மாலி அழுதுவிட்டார். நானும்தான்.

மொழி வகுப்பு ஓட்டப்போகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதிதாக எதையும் திணிக்கும் முன், பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பாதிப் பாடம் அங்கேயே இருக்கும்.

அடுத்த ஆண்டுப் பதிவுக்குப் பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டார். "சாந்தா, இந்த வாட்டி பேனர்ல இடம் விட்டு அடிக்கச் சொல்லுங்க."

"எதுக்கு சார்?" என்றேன். "சேத்தே அடிக்கட்டும். கவிதா மாதிரி இன்னொருத்தி வருவா."