ஆராயி வீட்டு நாய்க்கு இன்சூரன்ஸ்

ஆராயிக்கும் பக்கத்து வீட்டுப் பலராமனுக்கும் ஆகாது என்பது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அந்தப் புதுத் தெரு முழுக்கத் தெரியும். முதலில் காம்பவுண்டுச் சுவருக்குச் சண்டை. பிறகு கழிவுத் தண்ணிக்கு. கடைசியில் நாய் வந்து சேர்ந்தது.

ஆராயிக்கு ஐம்பத்திரண்டு வயது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கட்டியவன் விட்டுப் போன பிறகு, தனியாளாக வீடு கட்டிக் குடிவந்தவள். யாருக்கும் பணிந்து பேசிப் பழக்கமில்லை. வீட்டில் துணை என்று இருந்தது சீனி என்கிற நாட்டு நாய்தான். பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வருகிறவர்கள் இடம் கிடைக்காமல் காரை அந்தத் தெருவுக்குள் கொண்டுவந்து விடுவார்கள். சீனி விடாமல் குரைக்கும். பலராமன் மாடியில் நின்று கத்துவார்.

"ஒரு நாளைக்கு பிஸ்கட்ல மருந்து வெச்சிடுவேன் பாரு!"

"வெச்சிப் பாருய்யா. அப்புறம் உன் வூட்ல அடுப்பு எரியாது!"

மாசி மாதத்தில் ஒரு நாள், ஆராயி கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வாசல் கழுவிக்கொண்டிருந்தாள். தெருவில் போன பலராமனின் ஆடுசதையைச் சீனி பாய்ந்து கவ்விவிட்டது. ஆராயி கண்ணால் பார்த்தாள். ஆனால் அவர் போட்ட சத்தத்தில் ஆட்கள் கூடியதும் அவள் வாயில் வந்தது வேறு.

"என் நாய் கேட்டைத் தாண்டவே இல்ல. எங்கியோ முள்கம்பியில கிழிச்சிக்கினு வந்து நாடகம் ஆடறாரு."

பலராமன் புகார் கொடுத்தபோது, போலீஸ் ஸ்டேஷனிலும் அதையேதான் சொன்னாள். எதிர்வீட்டு ஜோதியம்மாள் அவள் பேச்சை அப்படியே நம்பினாள். கூடவே வந்து, "நானும் பார்த்தேங்க, நாய் உள்ளதான் இருந்துச்சு" என்று சாட்சியும் சொன்னாள். எஸ்.ஐ. எல்லோரையும் திட்டினார். இன்னொரு புகார் வந்தால் கேஸ்தான் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தக் 'கேஸ்' என்கிற சொல் ஆராயியை அரித்தது. தம்பி மகள் சினேகாதான் போனில் வழி சொன்னாள். "அத்தை, நாய்க்கும் இன்சூரன்ஸ் இருக்கு. யாரையாவது கடிச்சு கேஸ் ஆனாக்கூட கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும்."

"எனக்கே ஒண்ணும் இல்ல, நாய்க்கு இன்சூரன்ஸாடி?" என்று ஆராயி போனை வைத்துவிட்டாள். ஆனாலும் பத்து நாள் அதே நினைப்பு. வாங்கினால் ஊர் சிரிக்கும். வாங்காவிட்டால் அந்த ஆள் கோர்ட்டுக்கு இழுப்பான். கடைசியில் சினேகா சொன்ன இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜீஷானை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னாள்.

ஜீஷான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சீனியை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். வயசு, நிறம், அடையாளம் எல்லாம் எழுதினார். பிறகு கேட்டார்:

"இதுக்கு முன்னாடி யாரையாச்சும் கடிச்சிருக்காக்கா?"

"இல்லைனு போடுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பலராமன் தலையை நீட்டினார். "போடுப்பா, நல்லா போடு! ஆஸ்பத்திரி சீட்டு எங்கிட்ட கீது. உங்க கம்பெனிக்கே அனுப்பி வெக்கிறேன்."

ஜீஷான் பேனாவை மூடினார். "அக்கா, பொய்னு தெரிஞ்சா பாலிசி செல்லாது. கடிச்சிருந்தா அப்படியே போட்டுடலாம். நோய்க்கும் விபத்துக்கும் கிடைக்கும். கடிக்கு மட்டும் கம்பெனி ஒத்துக்காது."

"நான் வாங்கறதே கடிக்காகத்தானே!"

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டால் தன் குடுமி காலத்துக்கும் பலராமன் கையில். அதை நினைக்கவே ஆராயிக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று எழுந்தாள்.

"கடிச்சதுய்யா! என் நாய்தான் கடிச்சது. நான் பார்த்தேன். போதுமா? இன்சூரன்சும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

பலராமன் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டார். ஜெயித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. "நொண்டிக்கினு போய் ஊசி போட்டுக்கினேன். தெருவே என்னைப் பொய்யன்னு சிரிச்சுது. மன்னிப்பு கேளு."

"கடிச்சதுனுதான் சொன்னேன். உன் கால்ல வுழறேன்னு சொல்லல."

எதிர்வாசலில் ஜோதியம்மாள் நின்றுகொண்டிருந்ததை ஆராயி அப்போதுதான் பார்த்தாள்.

"உன்னை நம்பித்தானே ஆராயி, போலீஸ்காரன் முன்னாடி பார்த்தேன்னு சொன்னேன்? இனி என் வாசப்படி மிதிக்காத." கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ஜீஷான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். நாய் கடித்தது நிஜம்தான், ஜோதியம்மாள் மேல் தப்பில்லை, நான்தான் அப்படிச் சொல்ல வைத்தேன் என்று எழுதிக் கொடுத்தாள். எஸ்.ஐ. அரைமணி நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினார். தலையைக் குனியாமல் நின்று கேட்டுக்கொண்டாள். வரும் வழியில் சீனிக்கு ஒரு வாய்க்கூடு வாங்கினாள். கேட்டுக்குக் கம்பிவலை அடிக்க ஆளுக்குச் சொன்னாள்.

பலராமன் வக்கீலைப் பார்த்துவிட்டதாகத் தெருவில் பேச்சு. ஆராயி எழுதிக் கொடுத்த விஷயம் ஜோதியம்மாள் காதுக்கும் போனது. இருந்தும் காலையில் ஆராயி கோலம் போட வெளியே வந்தால், எதிர்வாசலில் ஜோதியம்மாள் தன் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.