அவர் திறந்து போட்டவை

கல்கத்தாவில், ஜாதவ்பூரில் ஆற்று நீரோட்டத்தை ஆராயும் ஒரு சிறிய நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்களிடம் ஓடுவது லினக்ஸ் சர்வர். அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால், உள்ளே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே வேலையைச் செய்பவர்களை ஒரு குழுவாகச் சேர்த்திருப்போம். ஒரு கோப்பை அதன் சொந்தக்காரர் மட்டும் பார்ப்பதா, குழுவும் பார்ப்பதா, ஊரே பார்ப்பதா என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பது என் கையில் இருந்தது.

என் கணவரும் அங்கேதான் வேலை பார்த்தார். ஹூக்ளி ஆற்றில் கடல்நீர் ஏறி இறங்குவதை அளக்கும் குழு அவருடையது. நான் அவருக்கு முன்பே அங்கே சேர்ந்தவள். இருந்தும் அலுவலகம் முழுவதும் என்னைப் 'பௌதி' என்றுதான் கூப்பிட்டது. வங்காளத்தில் அண்ணி என்று பொருள். அவர் வந்த வேகத்தில் எல்லாருக்கும் அண்ணனாகிவிட, நான் உட்கார்ந்த இடத்திலேயே அண்ணியாகிவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு வெகுகாலம் இருந்தது.

அவருக்கு எதையும் மூடும் பழக்கம் கிடையாது. டாக்குரியாவில் எங்கள் வீட்டில் பீரோ, பிஸ்கட் டப்பா, பேனா எதுவும் மூடிய நிலையில் இருந்ததில்லை. சர்வரிலும் அதே கதைதான். எந்தக் கோப்பை எழுதினாலும் யாரும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்று எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிட்டு எழுந்து போவார்.

"என்னத்தப் பூட்டி வச்சு என்ன செய்யப் போற? ஆத்துத் தண்ணி எவ்வளவு ஏறுச்சுங்கிற கணக்கு. எவன் அள்ளிட்டுப் போவான்?" என்பார். திருநெல்வேலிக்காரர். கல்கத்தாவில் பாதி ஆயுள் கழிந்தும் பேச்சு மாறவில்லை.

"அள்ள வேண்டாம். ஒருத்தன் தெரியாம அழிச்சாப் போதும். அப்புறம் எங்கிட்டதான் வந்து நிப்பீங்க."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டாங்கிறது சரியாத்தான் இருக்கு."

சொல்லிச் சொல்லி வாய் வலித்தபின், அவருக்கென்றே ஒரு சின்ன நிரல் எழுதினேன். மாலையில் எல்லாரும் போனபிறகு அது அவருடைய கோப்புகளைச் சுற்றி வரும். ஊருக்கே திறந்து கிடப்பவற்றை அவருக்கும் அவர் குழுவுக்கும் மட்டும் என்று மூடிவிடும். காலையில் எனக்கு ஒரு வரி மின்னஞ்சல் வரும். 'மூடப்பட்டவை: பதினொன்று.' டீ குடிக்கப் போகும்போது அதை அவரிடம் சொல்வேன். "நேத்தைவிடக் கொறவுதானே" என்பார். பல வருடங்கள் எங்கள் காலைப் பேச்சு இப்படித்தான் தொடங்கியது. அதை யாரும் பேச்சு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, இருவரும் வேலைக்குக் கிளம்பி வரும் வழியில், டாக்குரியா ஸ்டேஷன் மேம்பாலப் படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் குடையை மடக்கவில்லையே, படியில் வருகிறவர்களுக்குக் குத்துமே என்றுதான் எனக்கு முதலில் பட்டது. மடக்கினேன். பிறகு நடந்ததையெல்லாம் மற்றவர்கள் நடத்தினார்கள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால்கூட வேறு யாருடைய காலையோ கிள்ளியது போல இருக்குமே, அப்படி இருந்தேன். பூனாவிலிருந்து வந்த மகள் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மா, ஒரு தடவையாவது அழுதுடேன். பாக்கறதுக்கு எனக்கு பயமா இருக்கு."

"வரலைடி. வந்தா அழமாட்டேனா?"

அவள் கிளம்பிப் போனபிறகு நான் வேலைக்குப் போனேன். மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். மின்னஞ்சலைத் திறந்தேன். என் நிரலிலிருந்து தினம் ஒன்றாக வந்து குவிந்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரே வரி: 'இந்தப் பெயரில் பயனர் யாரும் இல்லை.'

என்னோடு கணினிப் பிரிவில் இருக்கும் வங்காளிச் சகா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பௌதி, அந்தக் கணக்கை நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன். நீங்கள் திரும்பி வந்து உங்கள் கையால் அதைச் செய்ய வேண்டாமே என்று" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வேலையிலிருந்து போகிறவரின் கணக்கை அன்று மாலைக்குள் நீக்கிவிட வேண்டும் என்பது நான் போட்ட விதி. ராஜினாமா, மாற்றல், பணி ஓய்வு எல்லாவற்றையும் யோசித்துத்தான் போட்டேன். இப்படிப் போவதை யோசிக்கவில்லை. "நல்லது செய்தீர்கள்" என்றேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

என் கணவரின் வேலையை முடித்துக்கொடுக்கப் புதிதாக ஒருவரை நியமித்திருந்தார்கள். கார்டன் ரீச் என்ற பகுதிக்காரர், துறைமுகத்தில் கப்பல் பாதையின் ஆழம் அளந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, கைப்பிடித் துணிப்பை. துர்கா பூஜைக்கு முன் ஆற்று அளவீட்டு அறிக்கையை அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று நிறுவனத் தலைவர் அவரை விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் அந்தப் புதியவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், ஒரு தவறு இருக்கிறது. நான் சேர்ந்தே சில நாள்தான் ஆகிறது. ஆனால் இத்தனை வருட அளவீடுகளும் என் பெயரில் இருக்கின்றன."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். கோப்புகளின் பட்டியலில், சொந்தக்காரர் என்ற இடத்தில், வரிக்கு வரி அந்த மனிதரின் பெயர். தேதிகளெல்லாம் என் கணவர் படகில் போய் அளந்த தேதிகள்.

எப்படி என்பது எனக்கு உடனே புரிந்தது. கணினிக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு. கோப்பின் மேல் எழுதியிருப்பதும் அந்த எண்தான். பெயரை நமக்காகத் தேடி எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். கணக்கை நீக்கினால் எண் காலியாகும், கோப்புகள் அப்படியே கிடக்கும். அடுத்து வருகிறவருக்கு முதலில் காலியாக உள்ள எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஆள் போன வீட்டில் சாமான்களோடு புது ஆளைக் குடி வைப்பது மாதிரி. அதனால்தான் கணக்கைப் பூட்டு, அழிக்காதே என்பார்கள். என் விதியில் அதை எழுத மறந்திருந்தேன்; சகா அழித்துவிட்டிருந்தார்.

தலைவரிடம் சொன்னேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். "இதனால் வேலை எதுவும் நிற்கிறதா?"

"இல்லை. ஆனால் அறிக்கையின் பின்னிணைப்பில் 'அளந்தவர்' என்ற இடத்தில் கோப்பின் சொந்தக்காரர் பெயர்தான் தானாக விழும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறோம்."

"முன்னுரையில் அவருக்கு ஒரு நன்றி போட்டுவிடலாம் பௌதி. இனி எல்லாவற்றையும் மாற்றினால் பூஜைக்கு முன் முடியாது. இருக்கட்டுமே, இதுவும் வசதிதானே."

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கார்டன் ரீச்காரர்தான் உள்ளே வந்தார்.

"சார், அதிகாலையில் படகில் நின்று இந்த ஆற்றை அளப்பது என்னவென்று எனக்குத் தெரியும். சட்டை பூராவும் சேறாகும். நான் அளக்காத தண்ணீர் என் பெயரில் அச்சாக வேண்டாம்."

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அத்தனை நாட்களில் என் மனதில் ஏதோ ஒன்று அசைந்தது என்றால் அந்த எரிச்சல்தான். என் கணவரின் பெயர் அந்தக் கோப்புகளில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்று அப்போது தெரிந்தது.

"நாளைக் காலை சரியாக இருக்கும்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

சகா பக்கத்தில் உட்கார்ந்தார். கார்டன் ரீச்காரருக்கு வேறு எண் கொடுத்து, அவர் உண்மையிலேயே எழுதிய சில கோப்புகளை அங்கே மாற்றினோம். பழைய எண் மறுபடி காலியானது. அந்த எண்ணில், அந்தப் பெயரில், ஒரு கணக்கைத் தொடங்கினேன். பழையபடி ஆற்றுக் குழுவில் சேர்த்தேன். கடவுச்சொல் என்று எதையும் கொடுக்காமல் பூட்டினேன். லினக்ஸில் இப்படிக் கணக்குகள் உண்டு. கோப்புகள் அதன் பெயரில் இருக்கும், ஆனால் யாரும் அதன் வழியாக உள்ளே வர முடியாது.

பட்டியலை மறுபடி வரவழைத்தேன். மேலிருந்து கீழ்வரை அவர் பெயர். "ஹோயே கேலோ, பௌதி" என்றார் சகா. ஆகிவிட்டது. நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டிருந்ததால் ஆட்டோ தெருமுனையிலேயே நின்றது. மீதியை நடந்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல மின்னஞ்சலைத் திறந்தேன். என் நிரலை நான் மறந்தே போயிருந்தேன். அது மறக்கவில்லை. பெயர் திரும்பி வந்ததும், முந்தைய மாலை தன் பாட்டுக்கு அவருடைய கோப்புகளையெல்லாம் சுற்றி வந்து எழுதியிருந்தது.

'மூடப்பட்டவை: எதுவுமில்லை.'

அத்தனை வருடங்களில் அப்படி ஒரு வரி வந்ததேயில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட வீட்டிலிருந்தே எதையாவது திறந்து போட்டிருப்பார். எனக்கு அழுகை வந்தது. அலுவலகம் நிறைய ஆட்கள் இருக்கும் நேரத்தில், மேசையில் தலை கவிழ்ந்து சத்தமாக அழுதேன். யாரோ மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறிப்போகும்வரை அழுதேன்.

அன்று மாலை கிளம்புமுன், அவருடைய கோப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.