ஹெல்வேசியரின் பெயர்ப்பட்டியல்

மனைவி இருந்தாள். மகள் இருந்தாள், நின்றபடி. மோர்டென்ஸ்ருட்டிலிருந்து வந்த மனைவியின் தம்பி இருந்தார், பஸ் ஓட்டுகிறவர். மேல்மாடித் தமிழ்நாட்டுத் தம்பி இருந்தார், கம்ப்யூட்டர் வேலை. மகளிடம் கேள்வி கேட்க ஒரு படித்த ஆள் வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். நான் இருந்தேன். நோர்வேயில், ரொம்சோஸில் எங்கள் வீட்டு ஹோல். சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

திங்கட்கிழமை மகளுக்குச் சரித்திரத்தில் வாய்மொழிச் சோதனை. பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். பிசியோதெரபி படிக்க விண்ணப்பித்திருந்தாள். புள்ளி கொஞ்சம் குறைவாக நின்றது. இந்தச் சோதனையில் ஆறு எடுத்தால் இடம் கிடைக்கும். இங்கே ஆறுதான் ஆகக் கூடியது.

உரோமரும் அயலவரும் என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அவள் ஹெல்வேசியர் என்ற கூட்டத்தை எடுத்தாள். கெல்ட்டிய இனம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு, இப்போது சுவிஸ் இருக்கும் இடத்தில் இருந்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பஸ் டிப்போவில் கழுவுகிற வேலை. சுவிஸ் என்றால் மனைவியின் பெரியம்மா மகள் இருக்கிற நாடு. அதற்கு மேல் தெரியாது.

சோதனை நோர்ஸ்க் மொழியில்தான். ஆனாலும் அம்மாவுக்கு விளங்கினால் ஆருக்கும் விளங்கும் என்று தமிழில் தொடங்கினாள்.

"சுத்திவர மலை, ஆறு, வாவி. இடம் காணேல்லை. வேற இடம் போவம் எண்டு முடிவெடுத்தவை. ரெண்டு வருஷம் ஆயத்தம் செய்தவை. ஆளுக்கு மூண்டு மாசத்துக்கு அரைச்ச மா. பேந்து தங்கட ஊரெல்லாத்தையும் தாங்களே எரிச்சவை. பன்னிரண்டு பட்டினம், நானூறு ஊர்."

"என்னத்துக்கு?" என்றாள் மனைவி.

"திரும்பி வர மனம் வராமல் இருக்கத்தான்."

மச்சான் சிரித்தார். "எங்களுக்கு அந்த வேலையும் மிச்சம். எங்கட ஊரை வேற ஆக்கள் எரிச்சுத் தந்தவை."

"மாமா, கேளுங்கோ. உரோமரின்ரை பக்கத்தாலை போக விடச் சொல்லிக் கேட்டவை. தளபதி, யோசிச்சுச் சொல்லுறன், இன்ன நாள் வாங்கோ எண்டான். அந்த நாள் வாறதுக்குள்ளை மதில் கட்டிப்போட்டான். அந்த நாள் வர, ஏலாது எண்டிட்டான்."

"நான் இஞ்சை அகதிக் கேஸ் போட்ட காலத்திலையும் பாத்துச் சொல்லுறம் எண்டுதான் சொன்னவை," என்றார் மச்சான். "மதில் ஒண்டுதான் கட்டேல்லை."

மகள் பொருட்படுத்தவில்லை. ஹெல்வேசியர் வேறு வழியால் போனார்கள் என்றாள். சண்டை வந்தது. தோற்றார்கள். உரோமரின் தளபதி, திரும்பிப் போய் எரித்த ஊர்களைக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டான். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால் ஜெர்மானியர் வந்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். ஹெல்வேசியரின் முகாமில் ஒரு பெயர்ப்பட்டியல் அகப்பட்டதாம். கிரேக்க எழுத்தில். சண்டை பிடிக்கக் கூடியவர்கள் தனி. பிள்ளைகள், முதியவர்கள், பெண்கள் தனித்தனி.

"வெளிக்கிட்டது மூண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். திரும்பிப் போனது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ரெண்டும் உரோமர் சொன்ன கணக்கு."

தமிழ்நாட்டுத் தம்பி முதல்முறையாக வாய் திறந்தார். "அந்த நம்பரை எப்படிம்மா நம்புறது? லிஸ்ட்டைப் பார்த்தேன்னு சொல்றதே ஜெயிச்சவர்தானே?"

"அதுதான் சிக்கல். உந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஜெயிச்சவன் கூட்டிச் சொல்லுவான் எண்டு எல்லாருந்தான் சொல்லுவினம். அது அஞ்சுக்குத்தான் காணும். என்ரையாய் ஏதாவது சொல்ல வேணும்."

 நான் சொன்னேன்.

"பட்டியல் எழுதின ஆக்களும் கூட்டி எழுதியிருக்கலாம். மாவைத் தலைக்கணக்கிலை குடுத்திருந்தால் கூட்டித்தான் எழுதியிருப்பினம்."

மகள் என்னைப் பார்த்தாள். மேலே சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஊரில் சண்டை நடந்து, இடம்பெயர்ந்து ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் எங்களுக்கு நிவாரண அட்டை தந்தார்கள். அதில் குடும்பத்தின் பெயர்கள் இருக்கும். ஊர்ப் பொறுப்பு உத்தியோகத்தரான விதானையார் அட்டையைப் பார்த்துத் தலைக்கு இவ்வளவு அரிசி, பருப்பு, சீனி என்று தருவார். செத்த ஆளின் பெயரை ஒருவரும் உடனே வெட்டுவிப்பதில்லை. பெரியப்பா போன பிறகும் அவருடைய பங்கை நான் எடுத்துக்கொண்டு வந்தேன். விதானையாருக்கும் தெரியும். செத்த வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தவர். அடுத்த கிழமை அட்டையைப் பார்த்து, பெரியப்பா சுகமோ என்று கேட்டார். சுகம் என்றேன்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்பிடி வெட்டாமல் இருந்தது பெரியப்பா ஒராள்தானே அப்பா?"

"ஓம்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

மனைவி பின்னால் வந்தாள். "இஞ்சேருங்கோ, உதைப் போய் அங்கை சொல்லப் போறாளே? ஊரிலை பொய் சொன்ன ஆக்கள் இஞ்சையும் சொல்லியிருப்பினம் எண்டு நினைக்க மாட்டினமே? பாஸ்போட்டிலை கை வைச்சால்?"

ஹோலிலிருந்து மச்சான் குரல் வந்தது. "அக்கா, அத்தானின்ரை ரெண்டு கொத்து அரிசிக்கு நோர்வே அரசாங்கம் வழக்கு வைக்காது."

"நீ வாயை மூடு. உனக்குப் பிள்ளை குட்டி இல்லை."

மகள் குசினி வாசலில் வந்து நின்றாள். "அப்பா சொல்லட்டும். அப்பா வேண்டாம் எண்டால் விடுறன்."

பால்மாவைக் கரைத்தேன். அவள் இங்கே பிறந்தவள். என்னிடம் அவள் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. சப்பாத்துக்கூடத் தானே வேலை செய்துதான் வாங்குவாள்.

"சொல்லு," என்றேன்.

மனைவி தன் தேத்தண்ணியை எடுக்காமல் அறைக்குப் போனாள்.

திங்கட்கிழமை நான் காலை வேலை. முடித்துவிட்டு ரொம்சோஸ் நிலையத்தில் நின்றேன். இரண்டாவது ரயிலில் வந்து இறங்கினாள்.

"அஞ்சு," என்றாள்.

நடந்தோம். போகிற வழியில் சொன்னாள்.

"அட்டைக் கதை அவைக்குப் பிடிச்சுது. எழுதியெல்லாம் எடுத்தவை. பேந்து வெளியாலை வந்த பரீட்சகர் கேட்டா, அந்த அட்டையிலை எத்தினை பேர், உண்மையிலை எத்தினை பேர் இருந்தவை எண்டு. ஒராள் குறைவு, மொத்தம் தெரியாது எண்டன். ரெண்டாயிரம் வருஷத்துப் பட்டியலைப் பிழை எண்டு சொல்லுறீர், வீட்டிலை இருக்கிற ஆளிட்டைக் கணக்கைக் கேட்கேல்லையே எண்டா. அதிலைதான் ஒண்டு போச்சு."

"இனி?"

"புள்ளி காணாது. அடுத்த வருஷம் ஒரு பாடத்தைத் திருப்பி எடுத்துப் பாக்கிறன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அன்று குசினிக்குப் போகாமல் நின்றிருக்கலாம். போய்விட்டேன்.

எங்கள் கட்டட வாசலில் நின்றாள். கதவின் திறப்பு அவள் கையில்தான் இருந்தது. திறக்கவில்லை.

"அப்பா, இப்ப கேட்கிறன். அட்டையிலை எத்தினை பேர்?"

"ஏழு."

"கொட்டிலிலை?"

"ரெண்டு."